வாய்ப்பாடா, கரண்டா?

இப்போதெல்லாம் சிப்பு வேலையில் எந்த லைப்ரரியை எடுப்பது என்பதைக் கருவியே முடிவு செய்துவிடுகிறதாம். போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் பழைய ஆபீஸ் பெண்கள் மூன்று பேர் நெய்யூரில் என் வீட்டுக்கு வந்து, நான் செய்து வைத்திருந்த முந்திரிக்கொத்தை ஒரு டப்பா முழுக்கக் காலி செய்துவிட்டு இந்தச் சேதியைச் சொன்னார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமாம். எந்தச் சிப்பு, எத்தனை நானோமீட்டர் என்று தானே பார்த்து, சரியான மாடலைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளுமாம்.

"ஒங்க காலத்துல எப்பிடிக்கா எடுத்திய?" என்று ஒருத்தி கேட்டாள்.

"காதால எடுத்தோம் மக்கா. அதுவும் தப்பா" என்றேன்.

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னேன். எழுதித் தாருங்கள் என்று விடாப்பிடியாகக் கேட்டதால் எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக எங்கள் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சிப்புக்குள் லட்சக்கணக்கில் செல்கள் இருக்கும். உடம்பில் இருக்கும் செல் என்று நினைத்துவிடாதீர்கள், இவை பொடிப்பொடியான மின்சுற்றுகள். ஒன்று இன்னொன்றுக்குச் சேதி சொல்லும். சேதி கம்பி வழியாகப் போகும். உள்ளே ஒரு மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையில் சேதி போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் சிப்பு உளறும். சேருமா சேராதா என்று சிப்பு உருவாவதற்கு முன்னாலேயே கணினியில் கணக்குப் பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. எந்தச் செல்லுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அந்தக் கருவிக்குச் சொல்லிக்கொடுக்கும் கோப்பின் பெயர் டைமிங் லைப்ரரி. நாங்கள் செல்லமாக லிப் என்போம். லிப் தப்பென்றால் அத்தனையும் தப்பு. வெந்து இறக்கிய சிப்புக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருத்த முடியாது.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். பெங்களூரில் ஒரு டெலிபோன் தொழிற்சாலையில் இருபது வருஷத்துக்கு மேல் சோதனைப் பிரிவில் உட்கார்ந்து பலகை பலகையாகச் சோதித்தேன். தொழிற்சாலை சுருங்கியதும் விருப்ப ஓய்வு என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள். என் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. 2004இல் ஊர் திரும்பினேன். கல்யாணம் செய்துகொள்ளாதவள், நாற்பத்திநான்கு வயது, வாய் கொஞ்சம் நீளம். இப்படி ஒருத்திக்கு யார் வேலை கொடுப்பார்கள்? நாகர்கோவிலில் மாடி ஒன்றை வாடகைக்குப் பிடித்துச் சிப்பு வேலை தொடங்கியிருந்த ஜெபமணி சார் கொடுத்தார். நேர்முகத் தேர்வில் அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. ஒரு லிப் கோப்பின் முதல் பக்கத்தை அச்செடுத்து நீட்டி, "வாசியுங்க" என்றார். நான் எழுந்து நின்று சத்தமாக வாசித்தேன். "நாளைக்கு வாங்க" என்றார். அவ்வளவுதான்.

அந்த வாசிப்பின் அர்த்தம் போகப்போகத்தான் தெரிந்தது. ஜெபமணி சாருக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் கணினியில் எந்தக் கணக்கு ஓட்டத்தையும் திடுதிப்பென்று ஆரம்பிக்கக் கூடாது. ஆரம்பிக்கிறவர் எழுந்து நிற்க வேண்டும். லிப்பின் பெயர், அது மந்தமான சிப்புக்கா துடிப்பான சிப்புக்கா, எத்தனை வோல்ட், எத்தனை டிகிரி, எந்த மாடல், இதைப் பயன்படுத்தச் சொல்லி வாடிக்கையாளர் எழுதிய மின்னஞ்சலின் வரி, இத்தனையையும் உரக்க வாசிக்க வேண்டும். மற்றவர்கள் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டுக் கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கை தூக்கலாம். இல்லாவிட்டால் எல்லோரும் சேர்ந்து "செரி" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் விசைப்பலகையில் கை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதபாடம் வாசித்துப் பழகிய மனிதர். திங்கள் முதல் சனி வரை எங்களை வைத்து லிப் பாடம் வாசிக்க வைத்தார். கண் எழுத்தை விழுங்கிவிடும், காது விழுங்காது என்பது அவர் கட்சி.

அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. சந்தோஷமாக இருந்தால் எங்களைப் போல ஊர்ப் பேச்சில் பேசுவார். கோபம் வந்துவிட்டால் பேனாவை மேஜைமேல் கிடத்திவிட்டு, பிரசங்கத் தமிழுக்கு மாறிவிடுவார். "அப்படியானால் நீங்கள் செய்தது யாது?" என்று அவர் கேட்டால் நாங்கள் ஆளுக்கொரு திரைக்குள் தலையை விட்டுக்கொள்வோம்.

எங்கள் பதினொரு பேரில் என் பக்கத்து நாற்காலிக்காரன் சகாயம். தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கடற்கரை. அப்பா கடலுக்குப் போகிறவர், அண்ணன்கள் இரண்டு பேர் கல்ஃபில். இவன் ஒருத்தன்தான் என்ஜினீயரிங் படித்துவிட்டு ஊரிலேயே இருப்பேன் என்று அடம்பிடித்தவன். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அவன் ரகசியம் சொன்னால் மூன்றாவது அறையில் கேட்கும்.

ஒரு நாள் அறுபத்தைந்து நானோமீட்டர் சிப்புக்கான முதல் லிப்பை நான் பாடம் வாசித்தேன். மந்தமான சிப்பு, மைனஸ் நாற்பது டிகிரி என்று வாசித்ததும் சகாயத்தின் கை உயர்ந்துவிட்டது.

"சார், இதுல தப்பு கெடக்கு. சூட்டுலல்லியா சிப்பு தளரும்? குளுருல சுறுசுறுப்பால்லா இருக்கும்?"

அதுவரை நாங்கள் பார்த்த சிப்புகள் அப்படித்தான் இருந்தன. அவன் கேட்டது நியாயமான கேள்வி. சார் போன் போட்டு விசாரித்தார். சிப்பு இவ்வளவு சிறுத்து, வோல்ட்டும் குறைந்த பிறகு கதை தலைகீழாகிவிட்டதாம். குளிரில்தான் இது முடங்குமாம்.

"மைனஸ் நாப்பதா! எங்க கடப்புறத்துல மீனுக்கே அவ்வளவு ஐஸ் போடமாட்டோமே" என்றான் சகாயம்.

"சிப்புக்கு ஊரு கெடையாது மக்கா. அது எங்க வேணும்னாலும் போவும்" என்றார் சார்.

இனி முக்கியமான கதைக்கு வருகிறேன். எங்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தது பெங்களூரிலிருந்த ஒரு கம்பெனி. அங்கே எங்களுக்குப் பொறுப்பு கல்பனா மேடம். கோயம்புத்தூர்க்காரர். திட்டினாலும் முடிவில் ஒரு "ங்க" சேர்த்துத் திட்டுவார். அந்த வருஷம் அவருடைய மேலிடம், வெளியாட்களுக்குக் கொடுக்கும் வேலையை ஒரே இடத்தில் குவிப்பது என்று முடிவு செய்திருந்தது. நாங்கள், இல்லாவிட்டால் ஹைதராபாதில் ஒரு பெரிய கூட்டம். எங்கள் கையிலிருந்த அந்த அறுபத்தைந்து நானோமீட்டர் சிப்பின் கடைசிப் பரிசோதனையை நாங்கள் ஒழுங்காக முடிக்கிறோமா என்று பார்ப்பார்கள். எங்களுக்கு வேறு வாடிக்கையாளர் கிடையாது. வேலை போனால் மாடி காலி. சகாயம் கல்ஃபுக்கு விமானம் ஏற வேண்டியதுதான். எனக்கு அந்த வழியும் இல்லை. ஐம்பதை நெருங்கிய டிப்ளமோக்காரியை நாகர்கோவிலில் எந்த ஆபீஸ் எடுக்கும்?

அந்தச் சிப்புக்கு மேடம் இரண்டு வகை லிப் அனுப்பியிருந்தார். ஒன்று பழைய வகை. அதில் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு அட்டவணை இருக்கும். உள்ளே வரும் சேதி எவ்வளவு சரிவாக ஏறுகிறது, வெளியே எவ்வளவு சுமை தொங்குகிறது என்று இரண்டே கேள்வி. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் விரலை வைத்தால் நேரம் கிடைத்துவிடும். இதற்கு நாங்கள் வைத்த பெயர் வாய்ப்பாடு. இன்னொன்று அப்போதுதான் புதிதாக வர ஆரம்பித்திருந்தது. செல்லிலிருந்து மின்சாரம் கணத்துக்குக் கணம் எப்படிப் பாய்கிறது என்பதையே பதிவு செய்து வைத்திருக்கும். அதனால் அதற்குக் கரண்ட் மாடல் என்று பெயர்.

மார்த்தாண்டத்தில் பஸ் ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். கூட்டம் எவ்வளவு, தூரம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, நாகர்கோவிலுக்கு இத்தனை மணிக்குப் போகும் என்று ஒரே எண்ணைச் சொல்வது வாய்ப்பாடு. அந்த பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, அழகியமண்டபம் தாண்டிவிட்டது, தக்கலையில் நிற்கிறது, வில்லுக்குறியில் ஊர்கிறது என்று வழியெல்லாம் வர்ணித்துக்கொண்டு வருவது கரண்ட் மாடல். ரோடு காலியாக இருக்கும் நாளில் இரண்டும் ஒரே நேரத்தைத்தான் சொல்லும். ஆனால் கரண்ட் லிப் கோப்பு பூதம் போலப் பெரியது. எங்கள் கணினியின் நினைவகம் அதைத் தாங்காமல் மூச்சு வாங்கும். வாய்ப்பாட்டில் மூன்று மணி நேரத்தில் முடியும் ஓட்டம் இதில் ஒரு முழு நாள் இழுக்கும். புதிய வகையைப் பின்னால் எப்போதாவது பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் மேடமும் அனுப்பியிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் கடைசிப் பரிசோதனைக்கான மின்னஞ்சல் வந்தது. நான்தான் பாடம் வாசித்தேன். லிப், வோல்ட், டிகிரி எல்லாம் வாசித்துவிட்டு மேடம் எழுதியிருந்த வரிக்கு வந்தேன்.

"ப்ளீஸ் யூஸ் த கரண்ட் லைப்ரரி மாடல்ஸ் ஃபார் த ஃபைனல் ரன்."

ஒருவரும் கை தூக்கவில்லை. சகாயம் மட்டும், "ஓ, கறண்டே போட்டுட்டாவளா!" என்று வியந்தான். ஜெபமணி சார் தலையை ஆட்டினார். பதினொரு பேரும் கணீரென்று "செரி" சொன்னோம். நான் கரண்ட் லிப்பைப் போட்டு ஓட்டத்தைத் தொடங்கினேன்.

ஆங்கிலம் படித்த பதினொரு பேர். கரண்ட் அஃபேர்ஸ் என்று புத்தகம் வாங்கி மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவர்கள் அதில் நாலு பேர். இருந்தாலும் எங்கள் ஊரில் கரண்ட் என்ற சத்தம் காதில் விழுந்தால் மின்சாரத்தைத் தவிர வேறு எதுவும் மனதில் எழும்பாது. அதுவும் அது மின்வெட்டுக் காலம். காலையில் எழுந்ததும் பல் தேய்க்கும் முன்னால், "கறண்டு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்த காலம். என்னைத் தவிர மற்றவர்களும் எழுத்தைக் கண்ணால் பார்த்திருந்தால் ஒருவேளை யாருக்காவது பொறி தட்டியிருக்கும். சாரின் சட்டப்படி நாங்கள் காதால் அல்லவா பார்த்தோம்!

மதியம் நிஜக் கரண்ட் போனது. யு.பி.எஸ் பாவமாக நாலு தடவை கூவிவிட்டு ஓய்ந்தது. ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் கணினி அணைந்துவிட்டது. அரை நாள் ஓட்டம் அம்போ. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கல்பனா மேடம் போன் செய்தார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏனுங்க ஹெலன், ரிப்போர்ட் என்னங்க ஆச்சு?"

"ஓடிக்கிட்டு இருக்கு மேடம். சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்."

"சாயங்காலமா? மூணு மணி நேர வேலைங்க அது!"

"அது வாய்ப்பாட்டுல மேடம். கரண்டுல ஓட்டினா நேரமாகும்."

"கரண்ட்டுலதாங்க ஓட்டச் சொன்னேன். கரண்ட்டுல மூணு மணி நேரந்தானே?"

"இல்ல மேடம், கரண்டுல ஒரு நாள்."

"போன வாரம் கரண்ட்டுலதானே ஓட்டி, மூணு மணி நேரத்துல அனுப்பினீங்க?"

"போன வாரம் கரண்டே இல்லியே மேடம்."

"ஏனுங்க, பவர் கட்டா?"

"பவர் கட் நேத்து மேடம். அதுனாலதான் கரண்ட் முதல்லருந்து ஓடுது."

மேடம் குழந்தையிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

"ஹெலன், நீங்க எந்தக் கரண்ட்டப் பத்திங்க பேசறீங்க?"

"எங்களுக்குத் தெரிஞ்சது ஒரே கரண்டுதான் மேடம்."

"அய்யோ, கரண்ட்டுன்னா இப்ப நடப்புல இருக்கறதுங்க! இத்தன நாளா எதுல ஓட்டினீங்களோ அதுலயே ஓட்டுங்கன்னு அர்த்தம்ங்க!"

எனக்குக் காதிலிருந்து கழுத்துவரை சூடு ஏறியது. பக்கத்தில் சகாயம் வாயைக் கையால் பொத்திக்கொண்டு குலுங்கினான். அவனைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வேலை போகப்போகிறது என்று உள்ளே உதறல், வெளியே அடக்க முடியாத சிரிப்பு. இரண்டும் ஒரே சமயத்தில் வந்தால் மனுஷிக்கு விக்கல்தான் வரும். எனக்கு வந்தது.

"நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிங்க" என்றார் மேடம். "அதுக்குள்ள வரலைன்னா ஹைதராபாத்துக்குக் குடுத்துருவாங்க. அப்புறம் என் கையில ஒண்ணுமில்லைங்க."

சார் பேனாவை மேஜைமேல் கிடத்தினார்.

"நாம் பதினொரு பேரும் செவிடர் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என்னையும் சேர்த்தே சொல்லுகிறேன்" என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டார். "செரி, வாய்ப்பாட்ட வேற மெஷின்ல போடுங்க. இது ஓடுகது ஓடட்டு. பாதிக்கு மேல போயாச்சுல்லா."

வாய்ப்பாடு இரண்டரை மணிக்கு முடிந்தது. சுத்தம். எல்லாச் சேதிகளும் மணி அடிப்பதற்குள் போய்ச் சேர்ந்திருந்தன. எனக்கு உயிர் வந்தது. ரிப்போர்ட்டை இணைத்து, மேடத்துக்கு மன்னிப்பு எழுதி, அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் சுட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அப்போது சகாயம் அழைத்தான்.

"அக்கா, கறண்டும் முடிஞ்சாச்சு. ஒரு பாதை தோத்துக் கெடக்கு."

ஒரே ஒரு பாதை. சிப்பின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை போகும் நீளமான கம்பி. நடுவில் ஒரு மெமரி கட்டம் குறுக்கே நின்றதால் சுற்றி வளைத்துப் போயிருந்தது. வாய்ப்பாட்டின்படி அந்தச் சேதி மணிக்குப் பன்னிரண்டு பிகோசெகண்ட் முன்னால் வந்துவிடுகிறது. கரண்ட் மாடலின்படி முப்பத்தொரு பிகோசெகண்ட் தாமதம். பிகோசெகண்ட் என்றால் ஒரு வினாடியை லட்சம் கோடித் துண்டாக வெட்டினால் அதில் ஒரு துண்டு. அந்தத் துண்டுகளுக்காகத்தான் என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"இத நம்ம பாக்கவேண்டிய காரியமே இல்லல்லா சார்?" என்று நான் சொன்னேன். வெட்கமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன், அப்படித்தான் சொன்னேன். "மேடம் கேட்டது வாய்ப்பாடு. அது சுத்தம். அனுப்பிருவோம். கறண்டு நாம தெரியாம ஓட்டினது."

"தெரியாம ஓட்டினோம் செரி. இப்ப தெரிஞ்சுபோச்சே ஹெலன்" என்றார் சார்.

"அவங்களே புதுசுன்னு சொன்ன லிப்பு. அது பொய் சொல்லுகுதோ என்னமோ?"

"அது நல்ல கேள்வி. நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு. பாத்திருவோம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையில் இருக்கும் சுத்தமான ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு இந்த மனிதர் பரீட்சை நடத்துகிறாரே! ஆனாலும் சுட்டியைப் பொத்தானிலிருந்து நகர்த்தினேன்.

இரண்டு லிப்பில் எது உண்மை என்று கேட்டால் பதில் சொல்ல ஒரே ஆள்தான் உண்டு. அதன் பெயர் ஸ்பைஸ். அது ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் தனித்தனியாக எடுத்து, அச்சு அசலாகக் கணக்குப் போடும். உலகத்திலேயே நிதானமான கணக்குப்பிள்ளை. சிப்பு முழுவதற்கும் அதை ஓட்டினால் பென்ஷன் வாங்கும் வயது வந்துவிடும். ஒரு பாதைக்கு ஓட்டலாம்.

புதன்கிழமை காலையில் சார் சொன்ன முறை எனக்கு இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது. தோற்றுப்போன பாதையை முதலில் தொடவே கூடாது என்றார். ஒரே ஒரு செல்லை எடுக்கச் சொன்னார். அந்த நீளக் கம்பியில் சேதியைத் தெம்பேற்றித் தள்ளிவிடுகிற அதே பஃபர் செல். அதன் வாசலிலேயே ஒரு எளிய சுமையைத் தொங்கவிட்டு, வாய்ப்பாடு, கரண்ட், ஸ்பைஸ் மூன்றிலும் பார்த்தோம். மூன்றும் ஒரே நேரத்தைச் சொல்லின. அப்படியானால் இரண்டு லிப்பும் ஒழுங்காகச் செய்யப்பட்டவைதான், எதுவும் பிறவிப் பொய்யர் இல்லை. அடுத்து அதே செல்லுக்குச் சிப்பில் உள்ள நிஜக் கம்பியை மாட்டினோம். அங்கேதான் பிரிந்தன. வாய்ப்பாடு தனியே போய்விட்டது. கரண்டும் ஸ்பைஸும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு வந்தன.

சகாயம் அலைவடிவத்தைத் திரையில் விரித்தான். கம்பியின் பக்கத்து முனையில் மின்னழுத்தம் விறுவிறுவென்று ஏறியது. தூரத்து முனையில் பாதி ஏறிவிட்டு, அதற்குப் பிறகு சோம்பல் முறித்து முறித்து ஏறியது. கம்பி அவ்வளவு மெல்லியது, அவ்வளவு நீளம், அவ்வளவு தடை. வாய்ப்பாடு இதைப் பார்க்கவே இல்லை. ஒரே சுமை, ஒரே நேர்க்கோட்டுச் சரிவு என்று நினைத்துக்கொண்டு, தக்கலைச் சந்தை நெரிசலில் மாட்டிய பஸ்ஸுக்கும் காலி ரோட்டுக் கணக்கைச் சொல்லிவிட்டது.

"பைய ஏறுகத பாத்தியளா அக்கா!" என்று சகாயம் கத்தினான். தோல்வியைப் பார்த்து ஒருவன் இப்படிக் குதித்து நான் கண்டதில்லை. நானும் சேர்ந்து குதித்தேன் என்பது வேறு விஷயம்.

பிறகு முழுப் பாதை. பதினேழு செல்கள். ஒவ்வொன்றின் டிரான்சிஸ்டர் விவரத்தையும், கம்பிகளின் தடையையும் கொள்ளளவையும் கோத்துக் கட்டியபோது மூன்று மணி. மறுபடியும் கரண்ட் போனது. இந்தத் தடவை சார் ஜெனரேட்டர் பக்கத்திலேயே ஆள் போட்டிருந்தார், தப்பித்தோம். நாலு மணிக்கு ஸ்பைஸ் தீர்ப்புச் சொன்னது. இருபத்தேழு பிகோசெகண்ட் தாமதம். பாதை தோல்விதான். சுத்தமான ரிப்போர்ட்டை நான் முந்தின நாள் அனுப்பியிருந்தால், ஆயிரக்கணக்கில் சிப்புகள் வெந்து வந்து, குளிர்ந்த ஊர்களில் போய் உளறியிருக்கும்.

பரிகாரம் என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். கம்பியின் நடுவில் ஒரு பஃபர் செல்லை வைத்தால் தீர்ந்தது. ஒன்றே ஒன்று.

மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தோம். வாய்ப்பாட்டு ரிப்போர்ட், கரண்ட் ரிப்போர்ட், ஸ்பைஸ் படம், பஃபர் வைக்க வேண்டிய இடம், நாலும் இணைப்பு. கரண்டில் ஏன் ஓட்டினோம் என்று யார் பெயரில் எழுதுவது? அங்கே ஒரு சண்டை வந்தது.

"எனக்க பேரு போடுங்க. ஆபீஸ் என்னுடையதுல்லா" என்றார் சார்.

"வாசிச்சது நான். எனக்க வாய். ஒங்க பேர எதுக்குப் போடணும்?" என்று நான் எகிறினேன்.

"தப்பாக் கேட்டது எல்லாருக்க காதுந்தானே?" என்றான் சகாயம்.

மணி நாலே முக்கால் ஆகிவிட்டதால் என் பெயரிலேயே எழுதினேன். எங்கள் ஊரில் கரண்ட் என்ற சொல்லுக்கு மின்சாரம் என்ற ஒரே பொருள்தான் உண்டு, அதனால் தவறாக ஓட்டிவிட்டேன், தவறாக ஓட்டியதில் உங்கள் சிப்பில் ஒரு தவறு அகப்பட்டது, இரண்டுக்கும் மன்னிக்கவும் என்று முடித்தேன். இரண்டாவதற்கு எதற்கு மன்னிப்பு என்று சார் கேட்டார். அழிக்க நேரமில்லை, அப்படியே போய்விட்டது.

அன்றைக்குப் பதில் வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். சகாயம் பாஸ்போர்ட் எப்போது காலாவதியாகிறது என்று பார்த்ததை நானும் பார்த்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் கரண்ட் போவதற்குச் சரியாக ஐந்து நிமிஷம் முன்னால் பதில் வந்தது. அச்செடுத்துவிட்டேன். அச்சு இயந்திரத்திலிருந்து தாள் விழுந்ததும் விளக்குகள் அணைந்தன. ஜன்னல் பக்கம் போய் நின்றேன். யாரும் சொல்லாமலேயே பத்துப் பேரும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். பாடம் வாசிக்கத் தொடங்கினேன்.

முதல் வரி, அவர்களும் ஸ்பைஸ் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள், நாங்கள் சொன்னது சரி. இரண்டாம் வரி, பஃபர் வைத்தாயிற்று, சிப்பு தொழிற்சாலைக்குப் போகிறது. மூன்றாம் வரியை முதலில் கண்ணால் ஒரு தடவை படித்துக்கொண்டேன். கனைத்துவிட்டு வாசித்தேன்.

"வீ வில் கன்டினியூ வித் த கரண்ட் டீம்."

சகாயத்தின் கை மெதுவாக மேலே எழும்பியது.

"சார், ஒரு சந்தேகம். கறண்டு டீம்னா இதுல எந்தக் கறண்டு? நடப்புல இருக்குகவங்களா, இல்லேன்னா கறண்டுல ஓட்டினவங்களா?"

ஜெபமணி சார் நிஜமாகவே யோசித்தார். பேனாவை மேஜைமேல் கிடத்தினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"எந்தக் கரண்டாக இருந்தாலும், அது நாம்தான்" என்றார் பிரசங்கத் தமிழில்.

அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை என்று புரிய எங்களுக்கு ஒரு கணம் பிடித்தது. அப்புறம் பதினொரு பேரும் ஒரே குரலில் "செரி" என்று போட்ட கூச்சலில் ஜன்னல் அதிர்ந்தது. சகாயம், "கறண்டு! கறண்டு!" என்று நாற்காலியைச் சுற்றினான். நான் தாளைக் கண்ணில் வைத்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன், மறுபடி விக்கினேன்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கீழே இருந்த ஜவுளிக்கடை முதலாளி வேர்த்து விறுவிறுத்துத் தலையை நீட்டினார்.

"என்ன சத்தம்? ஒங்களுக்குக் கறண்டு வந்தாச்சா?"

"வந்தாச்சு அண்ணாச்சி! இனி போவாது!" என்று கத்தினேன் நான்.